ஓட்டை யாருக்காக விட்டது?

சிவில் மூன்றாம் ஆண்டு மாணவன், அடி அண்ணாமலை



"சட்டத்தில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்தித் தப்பிவிட்டார்." இந்த வரியைப் பேப்பரில் படிக்காத ஒருவர் நம் பாலிடெக்னிக்கில் இருக்க முடியாது. டீக்கடையில் ஒரு ஷீட்டைப் புரட்டினாலே கண்ணில் படும். இதையே இங்கிலீஷ் பேப்பரில் 'லூப்ஹோல்' என்று போடுகிறார்கள். ஹோல் என்றால் ஓட்டை, அது தெரியும். அது என்ன 'லூப்'? கம்ப்யூட்டர் லேபில் சொல்லித் தருகிற லூப்பா? கயிற்றில் போடுகிற சுருக்கா? இந்தச் சந்தேகத்தைக் கேட்க எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. நைனா நாலாவதோடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. வீட்டில் முதன்முதலில் புத்தகப் பையோடு பஸ் ஏறியவன் நான்தான். அதனால் எனக்குச் சந்தேகம் வந்தால் நூலகம், இல்லாவிட்டால் சார்மார்கள். இந்தக் கட்டுரைக்கு இரண்டு இடத்திலும் போய்க் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த 'லூப்' கதையை முடித்துவிடுகிறேன். கயிற்றுச் சுருக்கு லூப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உச்சரிப்புதான் ஒன்று, சொல் வேறு. சுமார் 700 வருஷத்துக்கு முன்னால் இங்கிலீஷில் 'லூப்' என்றாலே கோட்டைச் சுவரில் விடுகிற சின்னத் துவாரம் என்று அர்த்தம். அதன் வழியே எட்டிப் பார்க்கலாம், அம்பு விடலாம். பழைய டச்சு மொழியில் 'ஒளிந்து பார்ப்பது' என்ற பொருளில் ஒரு வினைச்சொல் இருந்தது. அதிலிருந்து இது வந்திருக்க வேண்டும் என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். டச்சுக்காரன் நமக்கு அந்நியன் இல்லை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி உட்கார்ந்தவன்தான். நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிற 'கக்கூஸ்' கூட அவன் சொல்தான்! அவன் மொழிக்கு உறவான சொல் இங்கிலீஷுக்கும் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

லூப் என்றாலே ஓட்டை என்றால், பின்னால் எதற்கு இன்னொரு ஹோல்? காலப்போக்கில் ஜனங்களுக்கு லூப்பின் அர்த்தம் மங்கிப் போக, புரியட்டும் என்று 'ஓட்டை'யையும் ஒட்டிவிட்டார்கள். நாம் 'நடுசென்டர்' என்றும் 'கேட்டுவாசல்' என்றும் சொல்வதில்லையா, அந்த மாதிரி. வெள்ளைக்காரனும் நடுசென்டர்காரன்தான் என்று தெரிந்தபோது எனக்குச் சின்ன சந்தோஷம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லூப்ஹோல் என்பது அகராதிக்குள் மட்டும் இருக்கிற சமாசாரம் இல்லை. நம்ம ஊரிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகத் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி, செஞ்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கினால் கண்ணால் பார்க்கலாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. மூன்றையும் சேர்த்து வளைத்த மதில். ராஜகிரியின் உயரம் மட்டும் சுமார் 800 அடி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகளோடு செஞ்சியையும் சேர்த்தார்கள். மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்தப் பட்டியலில் இருக்கிற ஒரே கோட்டை இதுதான். எல்லோரும் அங்கே போனால் கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அடுத்த முறை போகிறவர்கள் தயவுசெய்து மதிலின் மேல் கைப்பிடிச் சுவரையும் பாருங்கள். அதில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். சிவில் படிக்கிறவன் அதைப் பார்க்காமல் வந்தால் வேறு யார் பார்ப்பார்கள்?

இந்த ஓட்டையில் இருக்கிற கணக்கு ரொம்ப அழகானது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பேப்பரும் பென்சிலும் இருந்தால் இன்னும் நல்லது. சுவர் 3 அடி கனம் என்று வைத்துக்கொள்வோம். 4 அங்குல அகலத்தில் நேராக ஒரு ஓட்டை விடுகிறோம். உள்ளேயிருந்து பார்க்கிறவனுக்கு 100 அடி தூரத்தில் எவ்வளவு அகலம் தெரியும்? ஒத்த முக்கோணம் போட்டால் வரும்: சுமார் இருபத்திரண்டரை அடி. பத்து பேர் விலகி நடந்து வந்தால் இரண்டு மூன்று பேர்தான் தெரிவார்கள். இப்போது வெளிப்பக்கத்தில் அதே 4 அங்குலத்தை வைத்துக்கொண்டு உள்பக்கத்தை மட்டும் 2 அடியாக விரித்துவிடுங்கள். புனல் மாதிரி ஒரு வடிவம் வரும். உள்ளே இருப்பவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து பார்க்கலாம். அதே 100 அடியில் அவனுக்குத் தெரிவது சுமார் 78 அடி! வெளியே நிற்கிறவனுக்கோ இரண்டு ஓட்டையும் ஒன்றுதான். அவன் குறிவைக்க அதே 4 அங்குலம்தான் கிடைக்கிறது.

இதுதான் விஷயமே. உள்ளே இருப்பவனுக்கு ஜன்னல், வெளியே இருப்பவனுக்குச் சுவர். ஒரே ஓட்டை.

வில் காலத்தில் இதை நெட்டுக்குத்தாக, கீறல் மாதிரி விட்டார்கள். வில்லை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், தூரத்துக்குத் தகுந்த மாதிரி அம்பை ஏற்றி இறக்க வேண்டும், அதற்கு உயரம் வேண்டும். துப்பாக்கி வந்த பிறகு சின்னத் துளையே போதுமாகிவிட்டது. மதிலின் அடிவாரத்துக்கே வந்துவிட்ட எதிரியைச் சுட வேண்டுமென்றால் நேர் ஓட்டை உதவாது. அதற்காகக் கீழ்நோக்கிச் சரித்து விட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஓட்டைக்கு வைத்த பெயர் 'மூர்த்ரியேர்'. தமிழில் சொன்னால் 'கொலைகாரி'. அவர்களும் 1750-லிருந்து 1761 வரை செஞ்சிக் கோட்டையை வைத்திருந்தவர்கள்தான். பெயர் வைப்பதில் ஒளிவு மறைவு இல்லாதவர்கள்.

நம்ம மொழியில் இதற்குச் சொல் இல்லையா? இருக்கிறது. பழைய நூல்களில் 'ஏப்புழை' என்று வருகிறது. ஏ என்றால் அம்பு, புழை என்றால் துளை. அம்பு போகும் துளை, அவ்வளவு நேரான சொல். மதிலின் மேல், அம்பை எய்துவிட்டு உடனே மறைந்துகொள்ளும் அமைப்புக்கு 'ஞாயில்' என்று பெயர். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதில்மேல் இருந்த பொறிகளின் பட்டியல் வருகிறது. குரங்கு போல் ஒன்று, பன்றி போல் ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியலில் ஞாயிலும் உண்டு. ப்ளஸ் டூ தமிழ் படிக்காமல் பத்தாவது முடித்து நேராக டிப்ளமோ வந்துவிட்ட நமக்கு இதெல்லாம் கிடைக்காமல் போகிறது என்பது என் வருத்தம்.

'புழை' செத்துப்போன சொல் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தை எங்க ஆயா 'பொழக்கடை' என்று சொல்லும். எழுத்தில் புழக்கடை. அது புழைக்கடைதான். புழை என்றால் துளை, கடை என்றால் வாசல். பின்பக்கத்துச் சின்ன வாசல். சட்டத்தை ஏமாற்றி வேலை வாங்குகிறவனைக் 'கொல்லைப்புற வழியாக வந்தவன்' என்று சொல்கிறோம் பாருங்கள், இரண்டும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டது!

இன்னொன்று 'திட்டிவாசல்'. பெரிய கதவை மூடிய பிறகு ஆள் மட்டும் நுழைந்து போக வைக்கிற சின்ன வாசல். நம் அண்ணாமலையார் கோயிலில் ராஜகோபுரத்தை ஒட்டிய வாசலை அந்தப் பெயரில்தான் சொல்கிறோம். திட்டி என்ற சொல்லுக்குப் பார்வை என்றும் ஒரு அர்த்தம் உண்டு.

கிரிவலப் பாதையில் எங்கள் ஊரைத் தாண்டிப் போனால் குபேர லிங்கத்துக்குப் பக்கமாக இடுக்குப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. பௌர்ணமி அன்று வந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி, தவழ்ந்து வெளியே வரவேண்டிய இடுக்கு. குண்டான மாமா ஒருவர் நடுவில் மாட்டிக்கொண்டு, பின்னால் இருப்பவர்கள் "ஒருக்களிச்சுப் படு நைனா, வந்துடும்" என்று சத்தம் போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஓட்டை என்றால் அம்பு போகிற வழி மட்டுமில்லை, ஆள் தப்பி வருகிற வழியும்தான் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமில்லை.

இங்கிலீஷ் சொல்லுக்கும் அந்த மாற்றம்தான் நடந்தது. 1660-களில் லூப்ஹோல் என்றால் 'தப்பிக்கும் வழி' என்ற பொருளும் எழுத்தில் வந்துவிட்டது. பிறகு மெல்ல மெல்ல அது சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. இப்போது கோட்டை அர்த்தம் யாருக்கும் நினைவில் இல்லை, வக்கீல் அர்த்தம்தான் இருக்கிறது. ஆனால் கவனித்தீர்களா நண்பர்களே, நடுவில் ஒன்று தலைகீழாகிவிட்டது. கோட்டை ஓட்டையை விட்டவன் கோட்டையைக் கட்டியவன். அளந்து, சரிவு பார்த்து, தன் ஆளுக்குப் பயன்படட்டும் என்று விட்டான். சட்டத்தின் ஓட்டை என்று சொல்லும்போது மட்டும், கட்டியவனுக்குத் தெரியாமல் விழுந்த ஓட்டை என்ற மாதிரி பேசுகிறோம். எலி போட்ட ஓட்டை மாதிரி. எனக்கு இதில்தான் சந்தேகம்.

ஒரு சரித்திரச் சம்பவம் சொல்கிறேன். சத்ரபதி சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக்கு வந்து தங்கியிருந்தபோது, அவுரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் 1690-ல் கோட்டையை முற்றுகையிட்டார். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, 1698 வரை இழுத்தது. கோட்டை விழுந்தபோது உள்ளே ராஜாராம் இல்லை! வேலூர் வழியாக மகாராஷ்டிரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். இத்தனை பெரிய படை சுற்றி நின்றும் எப்படி வெளியே போனார்? ஜுல்பிகார் கானே கண்டும் காணாமல் விட்டார் என்று சரித்திர ஆசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அதாவது, மதிலில் ஓட்டை தேடிப் பயனில்லை. முற்றுகையில் ஓட்டை. விட்டவர் முற்றுகை போட்டவர்.

சட்டத்திலும் இப்படி உண்டா? கட்சித் தாவல் தடைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-ல் 52-வது அரசியல் சட்டத் திருத்தம் மூலம் பத்தாவது அட்டவணையாக வந்தது. ஒரு எம்.எல்.ஏ. கட்சி மாறினால் பதவி போய்விடும். நல்லது. ஆனால் அதே அட்டவணையின் மூன்றாவது பத்தி, மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து பிரிந்தால் அது தாவல் இல்லை, 'பிளவு' என்றது. தனியாக ஓடினால் குற்றம், கூட்டமாக ஓடினால் குற்றமில்லை! இதை எலி போடவில்லை. அச்சடித்துப் பத்தி எண் கொடுத்து வைத்திருந்தார்கள். பதினெட்டு வருஷம் கழித்து, 2003-ல் 91-வது திருத்தம் அந்தப் பத்தியை எடுத்தது. மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்து இன்னொரு கட்சியில் இணைந்தால் தப்பு இல்லை என்கிற நாலாவது பத்தி அப்படியே இருக்கிறது. பெரிய ஆட்கள் விஷயம், இத்தோடு விடுகிறேன்.

என் வீட்டு விஷயம் ஒன்று இருக்கிறது.

எங்க நைனா ஏழு வருஷம் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை செய்தார். கிரில், கேட், ஜன்னல் செய்கிற பட்டறை. ஊர் பேர் வேண்டாம். ஒரே ஷெட், ஒரே முதலாளி, பதினெட்டு பேர் வேலை. ஒரு நாள் ஷெட்டுக்கு நடுவில் ஹாலோ பிளாக்கில் ஒரு சுவர் எழுப்பினார்கள். இந்தப் பக்கம் முதலாளி பேரில் ஒரு போர்டு, அந்தப் பக்கம் அவர் மனைவி பேரில் ஒரு போர்டு. ரிஜிஸ்டரில் இங்கே ஒன்பது பேர், அங்கே ஒன்பது பேர். காரணம் இதுதான்: 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின்படி, மின்சாரத்தில் மெஷின் ஓடுகிற இடத்தில் பத்து பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. இ.எஸ்.ஐ.க்கும் அந்தப் பத்துதான் கணக்கு. ஒன்பது பேர் என்றால் இன்ஸ்பெக்டர் வரமாட்டார், இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை, மெஷினுக்கு மூடி போட்டிருக்கிறதா என்று கேட்க ஆளில்லை.

பிரஸ் மெஷினில் நைனாவின் இடது ஆள்காட்டி விரல் முதல் கணுவோடு போனது. முதலாளி ஆஸ்பத்திரி பில்லைக் கட்டி, இரண்டு வாரக் கூலி கொடுத்தார். கெட்டவர் என்று நைனா இன்றைக்கும் சொல்லமாட்டார். "அவரு இன்னா பண்ணுவாரு, சட்டம் அப்படிக்கீது" என்பார். சட்டம் அப்படி இருக்கிறதா என்பதுதான் எனக்குக் கேள்வி.

இதில் ஒரு வேடிக்கை. ஆங்கிள் இரும்பு இருபது அடி நீளத்தில் வரும். சுவர் எழுப்பிய பிறகு பாதி ஷெட்டில் அது திரும்பாது. அதனால் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு ஓட்டை விட்டு, ஆங்கிளை இந்தப் பக்கம் வைத்து அந்தப் பக்கம் தள்ளி வெட்டுவார்கள். வெட்டியது அங்கே, வெல்டிங் இங்கே. எங்கள் ஊர் வழியில் இருக்கிற ஒரு வக்கீல் அண்ணனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, அந்த ஓட்டை ஒண்ணே போதுமே, ரெண்டும் ஒரே பட்டறைன்னு காட்ட" என்றார். 1959-ல் அசோசியேட்டட் சிமெண்ட் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு பரிசோதனை சொல்லியிருக்கிறதாம். அங்கே சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் குவாரியும் ஒன்றா இரண்டா என்று கேள்வி. உடைமை ஒன்றா, நிர்வாகம் ஒன்றா, ஒன்று இல்லாமல் இன்னொன்று ஓடுமா என்று பார்க்கவேண்டும், போர்டை மட்டும் பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆலையும் குவாரியும் ஒன்றே என்றுதான் தீர்ப்பு. அது வேறு சட்டத்தின் கீழ் வந்த வழக்கு என்றாலும், பிற்பாடு இந்த மாதிரி தகராறு பலவற்றில் அதையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். பத்துக்குக் குறைந்த இடத்தையும் தொழிற்சாலையாக அறிவிக்க மாநில அரசுக்கு அந்த 1948 சட்டத்தின் 85-வது பிரிவே அதிகாரம் கொடுத்திருந்தது. ஆக ஓட்டையும் இருந்தது, அடைக்கக் கலவையும் பக்கத்திலேயே இருந்தது. கரண்டியை எடுக்கத்தான் ஆள் இல்லை. நைனா கேஸ் போடவில்லை. போட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவும் அப்போது வீட்டில் யாரும் இல்லை, நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன்.

2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்துக்குப் பதில் புதிய தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. அதில் தொழிற்சாலை என்பதற்கு மின்சாரம் உள்ள இடத்தில் இருபது பேர், இல்லாத இடத்தில் நாற்பது பேர். இனிமேல் அந்தப் பட்டறைக்காரர் சுவரையே இடித்துவிடலாம். பதினெட்டு பேரும் ஒரே ரிஜிஸ்டரில் நிம்மதியாக இருப்பார்கள். அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல முடியாது.

நம்ம செட்டில் மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு இதைவிட நெருக்கமான ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 1981-ல் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் என்று ஒன்று கொண்டு வந்தார்கள். தொழில் நிறுவனத்தில் 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் மூன்றாவது பிரிவு. படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவில் நமக்குக் கொடுக்கிற பேப்பரில் எழுதியிருப்பது 'ட்ரெயினி'. இன்னொரு பேப்பரில் 'அப்ரண்டிஸ்'. 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவு, அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி இல்லை என்று சொல்கிறது. அந்தச் சட்டப்படி முறையாகப் பதிவு செய்து, ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்து அனுப்புகிற இடங்களை நான் குறை சொல்லவில்லை. தொழில் கற்க அதைவிட நல்ல வழி நமக்கு இல்லை. பதிவே இல்லாமல், வெறும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, முதல் நாளே லைனில் நிறுத்தி ஷிப்ட் பார்க்க வைக்கிற இடங்களும் இருக்கின்றன. நமக்கு இரண்டு வருஷம் சீனியரான ஒரு அண்ணன் ஒரே மெஷினில் 460-வது நாள் வரை நின்றார். பிறகு ஒரு மாதம் 'பிரேக்'. பிறகு புது ஆர்டர், புது டோக்கன் நம்பர், அதே மெஷின். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. 480-க்கு இருபது நாள் முன்னால் பிரேக் வந்தது தற்செயல் என்று அவரிடம் சொன்னார்களாம். செஞ்சி மதிலில் ஓட்டை விட்ட கொத்தனார்கூட இவ்வளவு துல்லியமாக அளந்திருக்க மாட்டார்.

சிவில் மாணவர்களான நாம் இதற்குக் கவலைப்பட வேண்டாம். கவலைப்படவே வழியில்லை! அந்த 1981 சட்டத்தின் ஏழாவது பிரிவு, கட்டடம், பாலம், ரோடு, கால்வாய், அணை கட்டுகிற நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று சொல்லிவிட்டது. காரணம் புரிகிறது. பாலம் முடிந்தால் பாலத்து வேலையும் முடிந்தது, யாரை நிரந்தரமாக்குவது? ஆனால் இருபது முப்பது வருஷமாக ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலத்துக்கு அதே மேஸ்திரியையும் அதே கம்பி கட்டுகிறவரையும் கூட்டிக்கொண்டு போகிற கம்பெனிகளும் இருக்கின்றன. அவர்களுக்கும் அதே பிரிவுதான். நைனா இப்போது சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை எடுத்துக்கொடுத்திருக்கிறேன். ரினீவல் தேதி காலண்டரில் குறித்திருக்கிறது.

தமிழில் 'சட்டம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று கோர்ட் சட்டம். இன்னொன்று ஆசாரி அடிக்கிற கதவுச் சட்டம், ஜன்னல் சட்டம், படச் சட்டம். ஆசாரியின் சட்டத்துக்கு வேலையே ஓட்டையைத் தாங்கிப் பிடிப்பதுதான். சட்டத்தை எவ்வளவு அகலத்துக்கு அடிப்பது என்று வீட்டுக்காரரும் ஆசாரியும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்கிறார்கள். கோர்ட் சட்டமும் பலமுறை அப்படித்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பத்து, இருபது, மூன்றில் ஒரு பங்கு, 480, ஏழாவது பிரிவு எல்லாம் யாரோ உட்கார்ந்து பேசி வைத்த அளவுகள்.

விட்ட ஓட்டை எல்லாமே மோசடி என்று சொல்லவரவில்லை. எஸ்டிமேஷன் பேப்பரில் நாம் படிக்கிற ஐ.எஸ். 1200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சு வேலை அளக்கும்போது 0.5 சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்புகளைக் கழிக்கக் கூடாது என்கிறது. அதாவது ஓட்டைக்கும் காசு! வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். எங்கள் சார் மட்டும் சிரிக்கவில்லை. "கழிக்காததற்குப் பதில், ஓட்டையின் உள்பக்கப் பூச்சுக்குத் தனியாகக் காசு கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்றார். போட்டேன். 23 செ.மீ. சுவரில் சதுர ஓட்டை, இரண்டு பக்கமும் பூச்சு. பக்கம் 46 செ.மீ. என்றால் வரவும் செலவும் சரி. அதற்குக் கீழே போனால் காண்ட்ராக்டருக்கு நஷ்டம். நம்ம செஞ்சி ஓட்டை மாதிரி சின்னதாக நூறு விடச் சொன்னால் பாவம், அவர் அழுவார். 46-க்கு மேலே போனால் லாபம், ஏறக்குறைய 70 செ.மீ. வரை. வென்டிலேட்டர் 60-க்கு 75 போட்டால் 0.45 சதுர மீட்டர், வரம்புக்குள் வந்துவிடும். இரண்டு முகமும் சேர்த்து 0.90 கழிக்கவேண்டியதில்லை, உள்பூச்சு 0.62, மிச்சம் காண்ட்ராக்டர் கணக்கில் வென்டிலேட்டர் ஒன்றுக்கு 0.28 சதுர மீட்டர். சைட்டுக்குப் போகிறவர்கள் டிராயிங்கில் வென்டிலேட்டர் அளவு என்ன போட்டிருக்கிறது, போட்டது யார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.